தொண்ணூறு நொடிக் காலை

ஜூன் 9

அக்காவுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று முறைப்படி தொடங்கினால் யாரோ வங்கிக்காரன் எழுதியிருக்கிறான் என்று நீ உறையைத் திருப்பிப் பார்ப்பாய். அதனால் நேராகவே சொல்கிறேன். படம் முடிந்தது! ஜூலை பன்னிரண்டு வெளியாகிறது.

இத்தனை மாதம் உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன். கோபப்படாதே. கதாநாயகி ஒரு கடலோர ஊரில் தனியாக இருப்பவள். அவளுடைய ஒரு காலைப்பொழுது, வசனமே இல்லாமல் தொண்ணூறு நொடி. அதன் அசைவு முழுவதையும் படம் படமாக வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணும் நடக்கக் கூடாது தெப்பெய். ஆனா ஒருத்தனும் கண்ண எடுக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நான் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் உன் கடிதங்கள் ஞாபகம் வந்தன.

இரண்டு வருஷமாக நீ எழுதியதெல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அதில் ஒன்றுகூட விசேஷமான செய்தி இல்லை, அக்கா. நீ எழுதுவதெல்லாம் இப்படித்தான்: ஜன்னல் சட்டம் உப்பி விட்டது, தோளால் முட்டித் திறக்கிறேன். சாக்ஸை விரல் பக்கம் மேலே வைத்துக் கொடியில் கிளிப் மாட்டுகிறேன், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடுகிறேன். முட்டையைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, உடைக்காமல் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிறேன். இதை எல்லாம் வரைந்துவிட்டேன்! போன இலையுதிர் காலத்தில் வந்தபோது நான் கண்ணால் பார்த்ததும் உண்டு. நீ கெட்டிலை இடது கையால் தூக்கி, வலது கை விரல்களை முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறாயே, அது ஒன்றுக்கு மட்டும் நூற்றிருபது படம் வரைந்தேன். அன்றைக்குக் கேட்டதற்குப் பழக்கம் என்றாய். பழக்கமோ என்னவோ, திரையில் அது அவ்வளவு அழகு.

அலுவலகத்துக்குள் போட்டுக் காட்டியபோது வண்ணம் பூசும் பெண் ஒருத்தி அழுதாள். "எதுக்கு அழறேன்னே தெரியல சார், அவ முட்டைதானே உடைக்கிறா" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பயப்படாதே. ஊருக்கு வேறு பெயர் வைத்தாயிற்று, ரயில் நிலையப் பலகையையும் மாற்றியாயிற்று. நான் எடுத்துவந்த புகைப்படங்களைப் பார்த்துப் பின்னணிக்காரர்கள் மாடிப்படியையும் தண்ணீர்த் தொட்டியையும் வரைந்தார்கள், அவ்வளவுதான். முகம் உன் முகமே இல்லை. வட்ட முகம், குட்டை முடி, உன் மூக்குகூடக் கிடையாது. நீ சொன்னபடி உன் ஊர்ப் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை பார். வழக்கம்போல அஞ்சலக முகப்பிலேயே வாங்கிக்கொள்.

தம்பி
தெப்பெய்


ஜூன் 15

தெப்பெய்,

முகத்தை மாற்றிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த ஆள் என் முகத்தை எப்போது பார்த்தான்?

எட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் பார்த்தது என் கைகளை. தொழிற்சாலையில் பொருளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை, வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தான். நான் துணி காயப்போட்டால் பின்னால் வந்து நிற்பான். அரிசி கழுவினால் எத்தனை தடவை தண்ணீர் மாற்றினேன் என்று எண்ணுவான். திட்டவே மாட்டான். பார்த்துக்கொண்டிருப்பான், அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்வான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் தடவை நான் ஓடிப்போனது நகோயாவில் என் தோழி முத்ஸுமி வீட்டுக்கு. எந்த நகரம் என்பது மட்டும் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒன்பது நாள் ரயிலில் போய்ப் போய் வந்திருக்கிறான், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாடி மாடியாகக் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு. பத்தாம் நாள் வாசல் மணி அடித்தது. திறந்தேன். "இன்னும் சாக்ஸ அப்படித்தான் காயப்போடறியா?" என்று கேட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனேன். சமாதானமாகிவிட்டார்கள் என்று நீங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டீர்கள். அதற்குப் பிறகு இருந்த பதினான்கு மாதத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அந்தத் தொண்ணூறு நொடியை எடுத்துவிடு. முழுக்க முடியாது என்றால் சாக்ஸையாவது திருப்பி வை. தயவுசெய்து.

உனக்குக் கடிதம் எழுதுவது ஒன்றுதான் எனக்கிருந்த சந்தோஷம். யாருக்கும் உபயோகமில்லாத விஷயங்களை எழுதலாம் என்பதால்தான் அத்தனை எழுதினேன். கேட்காமல் எடுத்துக்கொண்டாயே, படுபாவி.

கியோனோ


ஜூன் 22

அக்கா,

நகோயா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும்.

இயக்குநரிடம் போனேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை, ஒருவரிடம் சொன்னால் அது நாலு பேருக்குப் போகும். "எங்க அக்காவுக்கு அந்தக் காட்சி பிடிக்கல சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அக்காவுக்கு என் படம் ஒண்ணுகூடப் பிடிக்காது, அதுக்காக எரிச்சுடவா?" என்றார். படம் அரங்குகளுக்குப் போய்விட்டது. அந்தக் காலைக் காட்சியைத்தான் முன்னோட்டத்திலும் போட்டிருக்கிறார்கள். என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். ஜப்பானில் சாக்ஸ் காயப்போடுகிறவள் நீ ஒருத்திதானா? அந்த ஆள் கார்ட்டூன் பார்க்கப் போவானா? உள்ளே பாப்கார்ன் தின்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஒரு விஷயம் சொன்னால் அடிக்க வருவாய், இருந்தாலும் சொல்கிறேன். நீ வாழ்கிற விதம் அழகாக இருக்கிறது. அதை நான் பார்த்தேன், வரைந்தேன். பன்னிரண்டு வருஷ வேலையில் எனக்கு உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். அதைத் திருட்டு மாதிரி எழுதிவிட்டாய். எனக்கும் வலிக்கும் இல்லையா?

தெப்பெய்


ஜூலை 21

தெப்பெய்,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து இருந்தேன்.

மூன்று நாள். படம் வெளியாகி மூன்றே நாளில் உன் ரசிகர்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை மாற்றினாய், பலகையை மாற்றினாய். தண்ணீர்த் தொட்டியின் துருவை மட்டும் அப்படியே வைத்தாய். அந்தத் துருவையும் அலைதடுப்புக் கல்லின் வரிசையையும் வைத்து ஒரு கல்லூரிப் பையன் கண்டுபிடித்தானாம். இப்போது ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். கையில் படத்தின் காட்சியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று, நீட்டிப் பிடித்து, படமும் ஊரும் கோடு கோடாகப் பொருந்துகிறதா என்று பார்த்து ஒரு புகைப்படம். பொருந்தினால் கை தட்டுகிறார்கள்.

கெட்ட பிள்ளைகள் இல்லை. குனிந்து வணங்குகிறார்கள், குப்பையைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் ஊருக்கே தலைகால் புரியவில்லை. நான் வேலை செய்கிற மீன் பட்டறையில், அரைத்த மீனைக் குச்சியில் சுற்றிச் சுடுகிறோமே, அங்கே தொழிலையே மூடப்போவதாக இருந்த முதலாளி ததானோ அம்மா இப்போது வாசலில் உன் சுவரொட்டியை ஒட்டி வைத்திருக்கிறாள். வணிகர் சங்கம் வரைபடம் அடித்து இலவசமாகக் கொடுக்கிறது. பதினான்கு இடங்கள். ஆறாவது இடம் என் வீட்டு மாடிப்படி.

திங்கட்கிழமை குப்பை போடக் கதவைத் திறந்தேன். கீழே இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மேலே கையைக் காட்டி, "ஏய், அங்க பாருடி! துணிகூட அதே மாதிரி!" என்று கூவினாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று பத்துத் தடவை குனிந்தாள். நானும் குனிந்தேன். உள்ளே வந்து முதல் வேலையாகத் துணியை எல்லாம் உருவிக் குளியலறையில் போட்டேன். இப்போது உள்ளேயேதான் காயவைக்கிறேன், எல்லாம் மக்கிப்போய் நாறுகிறது.

ததானோ அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் ஓட்டைக் கொட்டகை மாதிரி ஊரெல்லாம் ஒழுகிவிடுவாள். இங்கே எனக்கு வேறு குடும்பப் பெயர். விதவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரங்கில் பாப்கார்ன் தின்னும் பிள்ளைகள்தான் என்று எழுதினாய். அப்படியே இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கியோனோ


ஜூலை 27, விரைவு அஞ்சல்

அக்கா,

இதைப் படித்த உடனே கிளம்பு. மீதியைப் போகிற வழியில் படி.

நேற்று மத்தியானம் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார் என்று வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். இறங்கிப் போனால் அந்த ஆள், உன் ஓகிமோத்தோ, நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஊதாத்தாள் சுற்றிய இனிப்புப் பெட்டி. இடுப்பு வரை குனிந்து வணங்கினான். வரவேற்புப் பெண் எவ்வளவு பண்பான மனுஷர் என்று நினைத்திருப்பாள்.

"ரொம்ப நாளாச்சு, தம்பி. பதினோரு தடவ பாத்தேன் உங்க படத்த" என்றான்.

நன்றி என்றேன், அக்கா. வாய் தானாக நன்றி என்றது.

"அந்த முட்டைய உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறா பாருங்க. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன். நீங்க நல்லாப் பாத்திருக்கீங்க. என்ன மாதிரியே பாக்கறீங்க."

அப்புறம் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். கெட்டில இடது கையால தூக்கறாளே. வலது மணிக்கட்டு இன்னும் சேரலையா?"

சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று நீ எங்களிடம் சொன்னாய். கட்டுப் போட்ட கையோடு புதுவருஷத்துக்கு வந்து, சூப் கிண்ணத்தைத் தூக்க முடியாமல் சிரித்துச் சமாளித்தாய். நான் அதைப் பற்றி அப்புறம் நினைத்தே பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் நூற்றிருபது படமாக, ஒரு நடுக்கம் விடாமல், அழகு அழகு என்று வரைந்து நாடு முழுக்க ஓட்டியிருக்கிறேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று அவன் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குக் கேட்கத் தேவையே இல்லை. பதினான்கு இடம் போட்ட வரைபடம் எல்லாரிடமும் இருக்கிறதே!

பெண்கள் தங்கும் காப்பகத்துக்குப் போன் செய். எண்ணை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். வங்கிப் புத்தகம், துணி எதுவும் வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் போன் இல்லை, நானே வந்தால் அவன் என் பின்னாலேயே வருவான், அதனால்தான் கடிதம்.

தெப்பெய்


ஜூலை 30

தெப்பெய்,

அஞ்சலக மேஜையிலேயே எழுதுகிறேன். பேனா சங்கிலியில் கட்டியிருக்கிறது, கை எட்டவில்லை, கோணல்மாணலாக இருக்கும்.

இன்று பத்து மணிக்கு ததானோ அம்மா தேநீர் போட்டுத் தட்டை நீட்டினாள். ஊதாத்தாள் சுற்றிய இனிப்பு. வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாக இருந்தது. யார் வாங்கி வந்தது என்று கேட்டேன்.

"உன் ரசிகரு ஒருத்தரும்மா! நேத்து நீ சாமான் எடுத்துட்டு வரப் போயிருந்தப்ப வந்தாரு. எவ்ளோ மரியாதை தெரியுமா? எல்லாப் பசங்களும் படிக்கட்டத் தேடினா, இவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'இந்த ஊர்ல கெட்டில இடது கையால தூக்கற அம்மா யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. 'அடடா, அது நம்ம கியோனோ! அப்ப அந்தப் படத்துல வர்றது அவளேதானா?'ன்னு கேட்டேன். மனுஷனுக்குக் கண்ணே கலங்கிருச்சு, பாவம். வீட்டக் காட்டினேன். பெரிய ஆளாயிட்டம்மா நீ, எங்க கிட்டல்லாம் சொல்லவே இல்லையே!"

நானும் சிரித்தேன். குச்சிகளைக் கழுவி அடுக்கினேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன். உன் கடிதம் இருந்தது. நேற்றே வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைதானே வழக்கமாக வாங்குவேன், நேற்று நான் வந்து பார்க்கவில்லை.

நேற்று வந்தவன் நேற்றே மாடியேறி வரவில்லை. ராத்திரி முழுக்க நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தூங்கினேன், காலையில் அரிசி கழுவினேன், முட்டை உடைத்தேன். அவன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

காலில் பட்டறை ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. இப்படியேதான் போகப்போகிறேன். வீட்டில் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டு, எல்லாம் இருக்கிறது. போய் எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், எழுதினால் கால் அந்தப் பக்கம் போகாது.

ஐஸ் ஏற்றும் லாரி ஒன்றேகாலுக்கு.


ஆகஸ்ட் 11

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பத்து நாள் வைத்திருந்துவிட்டு அஞ்சலகத்தில் எனக்கே திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியும். வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். தம்பி என்றேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லித்தாங்க கேக்கறாங்க" என்றார்கள். அது சரிதான். கோபப்பட முடியவில்லை.

அதனால் மூன்றாம் தேதி ஊருக்கு வந்தேன். ததானோ அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தாங்க கை காட்டினேன், நாந்தாங்க" என்று அழுதாள். வாசல் சுவரொட்டியைக் கிழித்துப் போட்டிருந்தாள். நீ லாரியில் ஏறினாயா என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரிக்காரரைத் தேடினேன். அன்று வந்தவர் மாற்று ஆள், பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மாடிக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே சண்டை நடந்த மாதிரியோ, ஏதாவது உடைந்த மாதிரியோ இல்லை. குளியலறையில் காய்ந்த துணிகளை யாரோ எடுத்து மடித்திருந்தார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அளவு பிசகாமல், பெரியது கீழே சிறியது மேலே. நீ அப்படி மடிக்க மாட்டாய், எனக்குத் தெரியும், உன் மடிப்பையும் நான் வரைந்திருக்கிறேன். அடுப்பில் கெட்டில் இருந்தது. கைப்பிடி வலது பக்கம் திருப்பி வைத்திருந்தது. இரண்டு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

இரண்டு கிண்ணம், அக்கா. எவ்வளவு நேரம் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவன் தனியாகக் காத்திருந்து இரண்டு வேளை சாப்பிட்டானா? இல்லை, நீ சான்றிதழை எடுக்கத் திரும்பி வந்தாயா?

காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஓகிமோத்தோ வேலைக்குப் போகவில்லை, வீட்டிலும் இல்லை. அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

கீழே இறங்கி வந்தால் படிக்கட்டில் இரண்டு பிள்ளைகள். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். கோடு பொருந்தவில்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி எடுங்கள் என்றார்கள். அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

படம் அமோகமாக ஓடுகிறது. அடுத்த படத்திலும் இதே மாதிரி ஒரு காலை வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பென்சிலைக் கையில் எடுத்தாலே உன் மணிக்கட்டு வந்து நிற்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி போதும்.

தெப்பெய்


(தேதி இல்லை. தட்டச்சு செய்தது. அனுப்புநர் பெயர் இல்லை. நவம்பர் 14 அஞ்சல் முத்திரை, ஒசாகா)

தெப்பெய்,

உயிரோடு இருக்கிறேன்.

இந்த முத்திரையில் இருக்கிற ஊரில் நான் இல்லை. அந்த வழியாகப் போன ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அவன் இன்னும் அகப்படவில்லை என்று இங்கே சொன்னார்கள். அதனால் நீ தேட வேண்டாம். நீ தேடினால் உன் பின்னால் அவன் வருவான்.

நான் திரும்பிப் போனேனா என்று கேட்காதே. இரண்டு கிண்ணத்தைப் பற்றியும் கேட்காதே. உனக்கே திரும்பி வந்த கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தாயாமே, அவர்கள் மூலமாக எனக்குக் காட்டினார்கள், படித்தேன், அவ்வளவுதான்.

வேலை இருக்கிறது. சாப்பிடுகிறேன். துணி காய்கிறது. எப்படி என்று எழுத மாட்டேன். இங்கே ஒரு அம்மா சொல்லிக் கொடுக்கிறாள், எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்யப் பழகுகிறேன். முதலில் கை மறுத்தது. சில நாள் அரிசிப் பானை முன்னால் நின்று அழுதேன். இப்போது பழகிவிட்டது. என்னை நேரில் பார்த்தால்கூட உனக்கு அடையாளம் தெரியாது. நல்லது.

உன் மேல் கோபம் போய்விட்டது. என் காலைப்பொழுது அழகாக இருந்தது என்று எழுதினாயே, அது உண்மைதான். எனக்கும் அப்போதே தெரியும். அது அந்தத் தொண்ணூறு நொடியில் இருக்கிறது, உன்னிடம் இருக்கட்டும். என்னிடம் இனி அது இருக்க முடியாது.

இனிமேல் எழுத மாட்டேன். நன்றாகப் படித்துப் பார். இந்தக் கடிதத்தை வைத்து உன்னால் ஒரு படம்கூட வரைய முடியாது. இப்படி ஒரு கடிதம் எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.